ஸ்டாஃபோர்டு கேட்டது தவறா?

கேள்வி: நாங்கள் மிச்சிகனில், டிராய் நகரில் வசிக்கிறோம். டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி என்றால் என் கணவருக்கு உயிர். 2021 ஜனவரியில் அதன் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) மேத்யூ ஸ்டாஃபோர்டு தன்னை வேறு அணிக்கு மாற்றிவிடும்படி கேட்டதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. “ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு பாக்கி இருந்தது, கையெழுத்துக்கு மரியாதை வேண்டாமா?” என்கிறார். என் தம்பி ஸ்டாஃபோர்டின் பக்கம். இருவரும் பேச ஆரம்பித்தால் தட்டில் சோறு ஆறிப்போகிறது. நீங்கள் யார் பக்கம்? (வாசகி, மிச்சிகன்)

பதில்: உங்கள் தம்பியின் பக்கம், சகோதரி.

2009 நவம்பரில் நான் டெட்ராய்டில் வேலையில் இருந்தேன். கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணியுடனான ஆட்டத்தை லயன்ஸின் சொந்த அரங்கமான ஃபோர்டு ஃபீல்டின் மேல் அடுக்கிலிருந்து பார்த்தேன். முந்தைய ஆண்டு 16 ஆட்டங்களிலும் தோற்றிருந்த அணி லயன்ஸ். ஸ்டாஃபோர்டுக்கு 21 வயது, முதல் பருவம். இறுதி நொடிகளில் கீழே விழுந்து இடது தோள் மூட்டு விலகிவிட்டது. வெளியே கொண்டுபோனார்கள். கடிகாரத்தில் நேரமே மிச்சமில்லாத நிலையில், மருத்துவர்களின் பிடியிலிருந்து விலகி உள்ளே ஓடிவந்து, ஒரு கெஜத் தூரத்துக்குப் பந்தை எறிந்தார். டச் டவுன், அதாவது எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளிகள். 38க்கு 37 என்று லயன்ஸ் வென்றது. பக்கத்து இருக்கைக்காரர், முன்பின் தெரியாதவர், என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அப்படித் தொடங்கியவர் 12 ஆண்டுகள் அங்கேயே உழைத்தார். மூன்று முறை பிளே ஆஃப் என்னும் இறுதிக்கட்டச் சுற்றுக்குப் போயும் மூன்றிலும் அணி தோற்றது. அந்த அணியை அவர் தேர்ந்தெடுக்கவும் இல்லை. புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணி பெயரைச் சொல்கிறதோ அங்கேதான் போயாக வேண்டும். ஒப்பந்த விஷயமும் அப்படியே. உத்தரவாதத் தொகை போக, மீதியைக் கிழித்துப் போட்டு நடுவிலேயே வீரரை அனுப்பிவிட அணிக்கு வழி இருக்கிறது. வீரரால் கேட்க மட்டுமே முடியும். ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை அணியிடம் இருந்தது.

இதே டெட்ராய்டில் லயன்ஸின் நட்சத்திர வீரர்கள் பேரி சாண்டர்ஸ் 1999இலும் கால்வின் ஜான்சன் 2016இலும், ஆடும் வலு இருக்கும்போதே ஓய்வை அறிவித்தார்கள். அணிக்குப் பதிலாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஸ்டாஃபோர்டு, பயிற்சியாளரும் மேலாளரும் மாறிக்கொண்டிருந்த வேளையில் கேட்டார். அதனால் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸிடமிருந்து குவாட்டர்பேக் ஜாரெட் காஃபும், டிராஃப்டில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளும், ஒரு மூன்றாம் சுற்று உரிமையும் வந்தன. ஓட்ட வீரர் ஜமிர் கிப்ஸ் இன்று லயன்ஸ் உடையில் ஓடுவது அந்த உரிமைகளில் ஒன்றைக் கைமாற்றியதால்தான். உங்கள் கணவர் கிப்ஸுக்குக் கைதட்டாமலா இருப்பார்?

ஸ்டாஃபோர்டு போன முதல் பருவத்திலேயே, 2022 பிப்ரவரியில், ராம்ஸுடன் சூப்பர் பவுல் என்னும் சாம்பியன் இறுதி ஆட்டத்தை வென்றார். அந்த இரவு ஒரு டெட்ராய்ட் ரசிகருக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். இத்தனை காலம் நம் வீட்டில் இருந்தவர் அடுத்த வீட்டுக்குப் போனதும் விளக்கு எரிந்தால் வலிக்கத்தான் செய்யும். உங்கள் கணவரின் கோபத்தை நான் மதிப்பது அதனால்தான். அன்பில்லாதவருக்கு இந்தக் கோபம் வராது.

ஆனால் 2024 ஜனவரி 14 அன்று, அதே ஃபோர்டு ஃபீல்டில், ஸ்டாஃபோர்டின் ராம்ஸை 24க்கு 23 என்று வென்று, 32 ஆண்டுகளில் முதல் பிளே ஆஃப் வெற்றியை லயன்ஸ் கண்டது. வெற்றியில் நானும் துள்ளினேன். ஆனால் ஸ்டாஃபோர்டு களமிறங்கியபோது அரங்கம் கூச்சலிட்டு அவரை இகழ்ந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தோள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.