கேள்வி – பதில்: படகுச் சாமான்களைத் தின்னும் உப்பு

தொண்டியில் இருக்கும் தங்கை வீட்டுக்காரரின் ஃபைபர் படகில், எஞ்சின் மாட்டும் அலுமினியத் தகட்டுக்கு எவர்சில்வர் போல்ட் வாங்கிக் கொடுத்தேன். காந்தம் ஒட்டவில்லை, நல்ல சரக்கு என்று நினைத்தேன். ஆறே மாதத்தில் போல்ட் தலையைச் சுற்றித் தேநீர் நிறக் கறை. தகட்டில் வெள்ளைப் பொடி. என்ன தவறு?
– வாசகர், தேவகோட்டை

காந்தத்தை நம்பியதுதான் முதல் தவறு. பாத்திரம் செய்யும் 202, பொதுவான 304, கடலுக்கு ஏற்ற 316 ஆகிய மூன்று எவர்சில்வர் வகைகளிலுமே காந்தம் அநேகமாக ஒட்டாது. வேறுபாடு மாலிப்டினம் என்ற உலோகத்தில் இருக்கிறது. 316-இல் அது 2 முதல் 3 சதவீதம். மற்ற இரண்டிலும் சேர்ப்பதில்லை. போல்ட் தலையில் ஏ4 என்று பொறித்திருந்தால் 316 வகை, ஏ2 என்றால் 304 வகை. பொறிப்பே இல்லாத போல்ட்டைக் கடலுக்குக் கொடுக்காதீர்கள்.

ஆனால் ஏ4 போட்டாலும் அந்த வெள்ளைப் பொடி நிற்காது. இரண்டும் வேறு வேறு நோய்.

கறை வருவது இடுக்கில். எவர்சில்வரைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். கீறல் விழுந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அது தானே மூடிக்கொள்ளும். வாஷருக்கு அடியில் தேங்கிய உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதால், படலம் உடைந்த இடம் உடைந்தபடியே கிடந்து குழி விழுகிறது. வெளியே பளபளப்பாக இருக்கும் போல்ட் உள்ளே பாதி தேய்ந்திருப்பது இப்படித்தான்.

வெள்ளைப் பொடி, அலுமினியம் கரைந்ததன் அடையாளம். எவர்சில்வரும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால் அது ஒரு பேட்டரி. அதில் கரைவது எப்போதும் அலுமினியம்தான்.

போல்ட்டைக் கழற்றி, நைலான் பிரஷால் பொடியைத் தேயுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் கூடாது. அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து புதிய அரிப்பைத் தொடங்கும். துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் தகட்டையே மாற்றிவிடுங்கள். நன்றாக இருந்தால், 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் துளையை 12 ஆக்கி, 1 மில்லிமீட்டர் கனமுள்ள நைலான் புஷ் (குழாய் வடிவ உறை) செருகுங்கள். தலைப்பக்கமும் நட்டுப்பக்கமும் நைலான் வாஷர், அதன் மேல் எவர்சில்வர் வாஷர், கடைசியில் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்). காய்ந்திருக்கும்போது மல்டிமீட்டரில் போல்ட்டுக்கும் தகட்டுக்கும் தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் எங்கோ தொடுகிறது. பிறகு இடுக்குகளை பாலியூரித்தேன் சீலன்ட்டால் அடையுங்கள். காடி வாடை வீசும் குளியலறை சிலிகான் வேண்டாம். அது காயும்போது வரும் அமிலமே உலோகத்தை அரிக்கும். மரைக்குக் கிராஃபைட் கிரீஸும் வேண்டாம். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். உப்புத் தண்ணீரில் அதன் பக்கத்தில் அலுமினியம் தாக்குப்பிடிக்காது. நைலான் சற்றே அமுங்கும் என்பதால் ஒரு வாரம் கழித்து நட்டை மறுபடி முடுக்கச் சொல்லுங்கள். எஞ்சினைத் தாங்கும் போல்ட், அலட்சியம் கூடாது.

பட்டறையில் பழைய துத்தநாகம் நிறையக் கிடக்கிறது. உருக்கிப் படகுகளுக்கு ஆனோடு கட்டி வார்த்துக் கொடுக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

தயவுசெய்து வேண்டாம். ஆனோடு என்பது படகின் மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் கரைந்து அவற்றைக் காக்கும் கட்டி. ஆனோடுக்கான துத்தநாகத்தில் இரும்பு 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உருக்கும் இரும்புச் சட்டியும் கரண்டியுமே அதைவிடக் கூடுதலாகக் கலந்துவிடும். கலந்தால் கட்டியின் மேல் கெட்டியான தோல் படிந்து, அது கரையாமல் அப்படியே நிற்கும். படகுக்காரர் தேயவே இல்லையே என்று மகிழ்வார். கரைந்துகொண்டிருப்பது ஷாஃப்ட்டும் சுக்கானும். தேயாத ஆனோடு வேலை செய்யாத ஆனோடு.

அளவு கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 1 கிலோ துத்தநாகம் ஏறக்குறைய 780 ஆம்பியர்-மணி தரும். 0.1 ஆம்பியர் இடைவிடாமல் ஓடினால் 7,800 மணி நேரம், அதாவது 325 நாள். ஆனால் பாதி கரைந்ததுமே மாற்ற வேண்டும் என்பதால் ஐந்து மாதம் என்று வையுங்கள். கட்டிக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது. கட்டிக்கும் காக்க வேண்டிய உலோகத்துக்கும் இடையே மீட்டரில் 1 ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும்.

உங்கள் ஊரிலேயே 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து வந்த நிறுவனம்; உலோக அரிப்பு அதன் முக்கிய ஆய்வுத் துறைகளில் ஒன்று. இந்தத் தொழிலில் இறங்குவதென்றால் முதலில் அங்கே விசாரியுங்கள்.

பழைய சாமான் கடையில் வாங்கிய கனமான பித்தளை வால்வைப் படகின் அடியில், கடல் தண்ணீர் எடுக்கும் குழாய்க்குப் போடலாமா? புளி போட்டுத் தேய்த்ததும் பளபளவென்று இருக்கிறது.
– வாசகர், கானாடுகாத்தான்

வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், படகுக்கு வேண்டாம். சாதாரணப் பித்தளையில் 40 சதவீதம் வரை துத்தநாகம் இருக்கும். கடல் தண்ணீர் அதை மட்டும் உறிஞ்சிவிட்டு, பஞ்சு போன்ற செம்பை விட்டுவைக்கும். வடிவம் மாறாது, வலு போய்விடும். ஒருநாள் கைப்பிடியைத் திருப்பும்போது கழுத்தோடு முறியும். படகுக்குள் தண்ணீர் புகும்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் படகைக் கரையேற்றும்போது கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் இப்போதைக்குச் சரி. இளஞ்சிவப்புத் தெரிந்தால் அன்றைக்கே கழற்றி, 88 பங்கு செம்பும் 10 பங்கு வெள்ளீயமும் 2 பங்கு துத்தநாகமும் சேர்ந்த கன்மெட்டல் வால்வு மாட்டுங்கள். புளியால் தேய்த்த பிறகு இந்தச் சோதனை செய்யாதீர்கள். புளியே மேற்பரப்பைச் சிவக்க வைக்கும். எது நோய், எது புளி என்று தெரியாது.