கருப்பா இருக்கிறவங்களுக்கு சன்ஸ்கிரீன் எதுக்கு? போட்டா முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகுதே?

சிங்கப்பூரில் வேலை, மதியச் சாப்பாட்டுக்கு வெயிலில் நடை, முகத்தில் பரு ஆறிய கருமை. உங்கள் நிலைமை இதுதான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கட்டாயம் தேவை. "நமக்குத் தோல் புற்றுநோய் வராது, வீண் செலவு" என்று சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு: நமக்கு அது குறைவுதான், மறுக்கவில்லை. உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும் வகைக்கு வெயில் முக்கியக் காரணமும் இல்லை. நான் பேசுவது மங்கு (முகத்தில் திட்டுத் திட்டாக வரும் கருமை), பருத் தழும்புக் கருமை இரண்டையும் பற்றி. தோல் சிவக்காவிட்டாலும் வெயில் பட்டால் இவை அடர்ந்துகொண்டே போகும். புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் இதைச் செய்யும். சாதாரண சன்ஸ்கிரீன் அந்த ஒளியைப் பெரிதாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் தடுக்கும்.

சாம்பல் பூப்பதற்குக் காரணம் துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும். இவை வெள்ளைத் தூள்கள். இவை இல்லாத ஜெல் வகை, அல்லது உங்கள் நிறத்துக்குப் பொருந்தும் நிறமுள்ள வகை வாங்குங்கள். எஸ்பிஎஃப் (தோலைச் சிவக்க வைக்கும் புற ஊதா பி கதிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்) 30க்குக் குறையாமல், பிஏ குறி (புற ஊதா ஏ கதிருக்கான அளவு) நான்கு பிளஸ் இருந்தால் நல்லது.

அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எஸ்பிஎஃப் எண்ணைச் சோதிப்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் நீளத்துக்கு இரண்டு கோடு பிழிய வேண்டும். பாதி பூசினால் 50 என்று எழுதியிருப்பது 50 ஆக இருக்காது. ஒரேயடியாகப் பூசினால் திரளும். ஒரு கோடு பூசி, காய்ந்ததும் அடுத்தது. தேங்காய் எண்ணெய்க்கு மேல் பூசினால் வழுக்கித் திட்டாகும். வெளியே கிளம்ப 15 நிமிடம் முன்பே போடுங்கள். வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வியர்வையைத் துடைத்தால் உடனே மறுபடியும்.

இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1 மணிக்கு. சாப்பாட்டு நேரம் சரியாக அதில் மாட்டுகிறது. மேகம் இருந்தாலும் குடை எடுங்கள்.

ஒரு ஆதங்கம். நிறமுள்ள சன்ஸ்கிரீன் கடைத் தட்டில் பெரும்பாலும் வெளிர் நிறத்தோடு முடிந்துவிடுகிறது. வெள்ளையாக்கும் கிரீமுக்கு மட்டும் இடம் தாராளம்! பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்த கிரீம்கள் பற்றிச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறது. உட்பொருள் பட்டியல் இல்லாத டப்பாவை யார் அன்போடு கொடுத்தாலும் முகத்தில் வைக்காதீர்கள்.