நிழற்குடை விளம்பரத்துக்குக் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

கேள்வி: வேளச்சேரியில் சிறிய பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். விஜயநகர் பக்கம் மெயின் ரோட்டில் ஒரு பஸ் நிழற்குடையின் பேக்லிட் (பின்னாலிருந்து விளக்கு எரியும்) போர்டை ஏஜென்சி மூலம் ஆறு மாதத்துக்கு எடுத்தேன். மாதம் 45,000 ரூபாய், 18% ஜிஎஸ்டியோடு மொத்தம் 3,18,600 ரூபாயையும் முன்பணமாகக் கட்டிவிட்டேன். இரண்டாம் மாதத்திலிருந்து இரவில் விளக்கே எரியவில்லை. மூன்றாம் மாதம் முடிந்ததும் மாநகராட்சி ஆட்கள் வந்து போர்டைக் கழற்றிவிட்டார்கள். கேட்டால், அரசு நடவடிக்கைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று ஒர்க் ஆர்டரில் இருக்கிறதாம், வேண்டுமானால் மடிப்பாக்கம் உள்தெருவில் வேறு நிழற்குடை தருகிறார்களாம். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று. அந்த மாற்று இடத்துக்கு வாட்ஸ்அப்பில்கூட "சரி" என்று பதில் போட்டுவிடாதீர்கள். பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் புதியதை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று நாளைக்கு அதையே எடுத்துக் காட்டுவார்கள், ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 62-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. "ஏற்கவில்லை, மீதிப் பணம் வேண்டும்" என்று இன்றே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

அடுத்து, மாநகராட்சி ஏன் கழற்றியது? உங்கள் வழக்கு முழுக்க இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. சென்னையில் நிழற்குடைகள் பலவற்றைத் தனியார் நிறுவனங்கள்தான் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டுக் கட்டிப் பராமரிக்கின்றன, விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்கின்றன, அந்த இடத்தைத்தான் உங்கள் ஏஜென்சி போன்றவர்கள் வாங்கி விற்கிறார்கள். மாநகராட்சியோடு போட்ட அந்த ஒப்பந்தம் காலாவதியானதால் போர்டு போயிருந்தால் அதை எதிர்பாராத அரசு நடவடிக்கை என்று யாரும் சொல்ல முடியாது. முடியும் தேதி காகிதத்தில் இருந்திருக்கும். ஆறு மாதத்துக்குப் பணம் வாங்கியவர் தன் கையில் ஆறு மாத உரிமை இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த நிழற்குடையின் விளம்பர உரிமை யாருக்கு, எந்தத் தேதி வரை தரப்பட்டது, போர்டை அகற்றிய உத்தரவின் நகல், இந்த மூன்றும் போதும்.

மெட்ரோ வேலைக்காகவோ மழைநீர் வடிகாலுக்காகவோ நிறுத்தத்தையே இடம் மாற்றியிருந்தால்? அப்போது ஏஜென்சியின் மேல் தப்பில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலையிலும் ஒர்க் ஆர்டரின் அந்த ஷரத்தை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். "இழப்பீட்டுக்குப் பொறுப்பல்ல" என்பது வேறு, "பணம் திருப்பித் தரப்படாது" என்பது வேறு. முதலாவது மட்டும் இருந்தால், காட்டாத மூன்று மாதத்துக்கான பணத்தை அவர்கள் வைத்துக்கொள்ள அது உதவாது. செல்லாமல் போன ஒப்பந்தத்தில் ஒருவர் பெற்ற ஆதாயத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 65-வது பிரிவு. மூன்று மாதத்துக்கு 1,35,000, ஜிஎஸ்டி 24,300, ஆக 1,59,300 ரூபாய். மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு என்பதால் உங்களைப் போன்றவர்கள் பொதுவாக அந்த ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டாக (நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதாக) எடுக்க முடியாது, அதனால் வரியையும் சேர்த்தே கேளுங்கள். ஏஜென்சிக்காரர்கள் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் காட்டும் ஆவணம்) போட்டுத் தங்கள் வரியைச் சரிசெய்துகொள்ளலாம், பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை அதற்கு வழியுண்டு.

விளக்கு எரியாத இரண்டு மாதமும் தனிக் கணக்கு. ஒர்க் ஆர்டரில் "பேக்லிட்" என்று இருந்தால் நீங்கள் காசு கொடுத்தது வெளிச்சத்துக்கும் சேர்த்துத்தான். ஒரு பகுதிக் கட்டணத்தைத் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் ஆதாரம் வேண்டும். ஏஜென்சிகள் அனுப்பும் படங்கள் பெரும்பாலும் பகலில் எடுத்தவை, அவற்றால் பயனில்லை. நீங்கள் இரவில் எடுத்த படங்களையும், புகார் சொன்ன மெசேஜ்களையும் அழிக்காமல் அதே போனில் வைத்திருங்கள், நீதிமன்றத்தில் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் தேவைப்படும்.

"விளம்பரம் இல்லாததால் வராமல் போன நோயாளிகள்" என்று நஷ்டஈடு கேட்க ஆசையாக இருக்கும். வேண்டாம், நிரூபிக்க முடியாது. பிரிண்டிங், மவுண்டிங் செலவைக் கேளுங்கள், பில் இருக்கிறது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்றால், வணிக நோக்கம் என்று சொல்லித் தள்ளிவிடும் ஆபத்து அதிகம், நான் அங்கே தொடங்க மாட்டேன். போலீஸ் புகாரும் இப்போதைக்கு வேண்டாம். உங்களிடம் பணம் வாங்கிய நாளிலேயே உரிமை காலாவதியாகியிருந்தது, அது அவர்களுக்குத் தெரியும் என்று ஆர்டிஐ பதிலில் தெரியவந்தால் மட்டும் மோசடிப் புகாரைப் பற்றி யோசிக்கலாம்.

15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனு போடலாம், இதற்குச் செலவு இல்லை. அதற்குப் பிறகுதான் சிவில் வழக்கு, அதற்கு மூன்று வருட அவகாசம் உண்டு. ஒர்க் ஆர்டரின் பின்பக்கத்தில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்ப்புச் சொல்லும் முறை) ஷரத்து இருக்கிறதா என்று மட்டும் இப்போதே பாருங்கள். இருந்தால் நேராகக் கோர்ட்டுக்குப் போவது வீண் அலைச்சல். ஆனால் ஆர்பிட்ரேட்டரை ஏஜென்சியே தனியாக நியமிக்கும் என்று அதில் எழுதியிருந்தால் அதற்குத் தலையாட்ட வேண்டாம், 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒருதலைப்பட்ச நியமனத்தை ஏற்கவில்லை.