கிணற்றுக்குள் கொண்டிஸ் மெழுகுதிரி: சில கேள்விகள், பதில்கள்

மட்கும் பொலிமருக்குள் (மண்ணில் சிதையும் பிளாஸ்ரிக் போன்றது) ஒட்சியேற்றியை, அதாவது மாசை ஒட்சியேற்றிச் சிதைக்கும் இரசாயனத்தை, அடைத்து, நிலத்தடி நீரில் மெல்லக் கரையவிட்டு மாசை அழிக்கும் முறை பற்றிப் போன கிழமை சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சில:

அண்ணா, கிணற்றுக்குக் கொண்டிஸ் போடுகிற மாதிரித்தானே இதுவும்? (கொக்குவில்)

பொருள் அதுவேதான், தம்பி. கொண்டிஸ் என்பது பொற்றாசியம் பரமங்கனேற்று. போடுகிற விதம்தான் வேறு. தூளாகக் கொட்டினால் தண்ணீர் ஊதாவாகும், எதிர்ப்பட்டதை எல்லாம் ஒட்சியேற்றிவிட்டுத் தீர்ந்துபோகும். ஆனால் கல்லிடுக்கிலும் களியிலும் ஊறிக்கிடக்கும் மாசு வருடக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். அதனால்தான் ஒட்சியேற்றித் துகளை மெழுகிலோ பொலிமரிலோ கலந்து, தடித்த திரியாக வார்த்து, குழாய்க்கிணற்றில் இறக்குகிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு பழைய குப்பைமேட்டருகே, கிரீஸ் கழுவும் திரைக்குளோரோஎதீன் கலந்த நிலத்தடி நீருக்கு இப்படிப் பரமங்கனேற்று மெழுகுதிரிகளை இறக்கினார்கள்.

ஒன்று கவனியுங்கள். வெளிப்பக்கத் துகள் முதலில் கரையும். உள்ளே இருப்பது, முந்தியது விட்டுப்போன துளைகள் வழியாக ஊர்ந்து வரவேண்டும். ஆகவே முதல் நாட்களில் அள்ளிக் கொடுக்கும், பிறகு கிள்ளித்தான் கொடுக்கும். பரமங்கனேற்று வேலை செய்தபின் மிஞ்சும் பழுப்பு நிற மங்கனீசீரொட்சைட்டு அந்தத் துளைகளையே அடைத்துவிடுவதும் உண்டு.

மெழுகு போதாதா? பொலிமர் எதற்கு?

பரஃபின் மெழுகு நிலத்துக்குள்ளேயே கிடந்துவிடும். பொலிகப்ரோலக்ரோன் போன்ற மட்கும் பொலிமரை நுண்ணுயிர்கள் மெல்லத் தின்றுவிடும். அது ஏறக்குறைய 60 பாகை செல்சியசிலேயே உருகுவதால் ஒட்சியேற்றியைச் சூட்டில் கெடுக்காமல் கலக்கலாம். ஆனால் ‘மட்கும்’ என்ற பேரை மட்டும் நம்பவேண்டாம். பொலிலக்டிக் அமிலம் ஒழுங்காக மட்க உரத் தொழிற்சாலைச் சூடு தேவை, நிலத்தடியில் அதுவும் நீண்டகாலம் கிடக்கும்.

சுன்னாகப் பக்கம் 2015 அளவில் கிணறுகளில் ஒயில் என்று பெரிய பிரச்சினையானதே. அதற்கு இது சரிவருமா, சேர்? (மல்லாகம்)

முதலில், ஒயில் படையாக மிதந்தால் அதை அள்ளி எடுக்கவேண்டும். மிதக்கும் ஒயிலுக்கு ஒட்சியேற்றி போடுவது காசைத் தண்ணீரில் கரைப்பது.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஒயில் சேர்வைகளுக்கு, அதாவது ஐதரோகாபனுக்கு, வருவோம். அவற்றில் ஒன்றான பென்சீனைப் பரமங்கனேற்று பெரிதாகத் தொடாது, பேர்சல்பேற்று என்ற வேறு ஒட்சியேற்றிதான் வேண்டும். பேர்சல்பேற்றின் பலம் அதிலிருந்து பிறக்கும் சல்பேற்று மூலிகம் என்ற, எதையும் உடனே தாக்கும் துணிக்கையில் இருக்கிறது. எங்கள் சிக்கல் இங்கேதான். யாழ்ப்பாணத்தில் நாங்கள் இருப்பது சுண்ணாம்புக்கல்லின் மேலே. தண்ணீரில் இருகாபனேற்று நிறைய உண்டு, கடல் பக்கம் போனால் குளோரைட்டும் ஏறும். மூலிகம் ஒயிலைப் பிடிக்க முதல் இவை இரண்டும் அதைப் பிடித்துவிடும். உவர் நீரில் புரோமைட்டும் இருப்பதால் புரோமேற்று என்ற வேண்டாத விருந்தாளியும் வரலாம். ஒரு நன்மை, பேர்சல்பேற்று உண்டாக்கும் அமிலத்தைச் சுண்ணாம்புக்கல் தானே நடுநிலையாக்கிவிடும்.

இன்னொன்று, மணலில் தண்ணீர் பரவலாக ஊர்வது போல் எங்கள் கல்லில் ஊர்வதில்லை. வெடிப்பும் குகையுமாக ஓடும். திரியை வைத்த இடத்தால் தண்ணீர் போகாவிட்டால் பலனில்லை. ஓட்டத்தை அறியாமல் திரி இறக்குவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

எங்கட கிணற்றில் நைத்திரேற்று கூட என்று சொல்லிவிட்டார்கள். கைக்குழந்தை இருக்கிறது. இந்தத் திரி உதவுமா? (நீர்வேலி)

உதவாது, தங்கச்சி. நைத்திரேற்றில் நைதரசன் ஏற்கெனவே உச்சம்வரை ஒட்சியேறிவிட்டது, அதற்குமேல் ஒட்சியேற்ற எதுவுமில்லை. தோட்டத்து உரமும் மலக்குழியும்தான் அதன் வழக்கமான வாசல்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி அது இன்னும் செறிவாகும், அதனால் கொதிக்க வைத்த அந்தத் தண்ணீரிலும் பால்மா கரைக்காதீர்கள். பிள்ளைக்கு வேறு தண்ணீர் எடுங்கள்.

வீட்டில் மெழுகை உருக்கிக் கொண்டிஸ் கலந்து பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். சூடான எரிபொருளோடு ஒட்சியேற்றியைக் கலப்பது தீக்கு அழைப்பு. குடிக்கும் கிணற்றில் திரி இறக்குவதும் கூடாது. மாசு வரும் பாதையில், தண்ணீர் கிணற்றை அடைய முதல் வரும் இடத்தில் வைக்கும் பொருள் அது.

உயர்தரம் படிக்கிறேன். பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு ஏதாவது? (உரும்பிராய்)

மூன்று போத்தல் எடுங்கள். ஒன்றில் உங்கள் தோட்டத்துச் செம்மண், ஒன்றில் சுண்ணாம்புக்கல் பொடி, மூன்றாவதில் வெறும் காய்ச்சி வடித்த நீர். மூன்றுக்கும் ஒரே அளவு ஐதான கொண்டிஸ் கரைசல் விட்டு, ஊதா எத்தனை நாளில் மங்குகிறது என்று எழுதி வாருங்கள். மாசே இல்லாமல் மண் மட்டும் எவ்வளவு ஒட்சியேற்றியைத் தின்னும் என்பது தெரியும். திரி வடிவமைப்பவர் முதலில் கேட்கிற கணக்கும் அதுதான். ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள், கையுறை போடுங்கள். கொண்டிஸ் கறை விரலில் நாட்கணக்காக நிற்கும்.