கதவுக்குக் கீழே அரை அங்குலம்

கேள்வி: சொந்த ஃபிளாட், இரண்டாவது மாடி. பையன் மூன்று வருடமாக மிருதங்கம் கற்கிறான். தினமும் காலை 5 மணிக்குச் சாதகம். கீழ்வீட்டுப் பெரியவர் கம்பால் கூரையைத் தட்டுகிறார். 10-க்கு 10 அடி அறை ஒன்றை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். சுவரெல்லாம் ஃபோம் ஒட்டினால் சத்தமே வெளியே போகாது என்று இன்டீரியர்காரர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். என்னிடம் இருப்பது 40,000 ரூபாய். என்ன செய்யலாம்?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: அந்த ஒன்றரை லட்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள், அம்மா. அறைக்குள் வரும் எதிரொலியைத்தான் ஃபோம் குறைக்கும். வெளியே போகிற சத்தத்தை அது தடுக்காது. முப்பது வருடம் ஒலிப்பதிவுக் கூடங்களில் உட்கார்ந்த நானே இதில் ஏமாந்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் வாடகை வீட்டு அறை முழுக்க முட்டை அட்டை ஒட்டினேன். ஒரே மாதத்தில் கரப்பான் பூச்சிகள் குடும்பத்தோடு குடியேறின. மாடியில் இருந்த வீட்டுக்காரரோ வழக்கம்போல, "நேற்று ராத்திரி என்ன பாட்டு சார்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அதுவும் உங்கள் வீட்டில் மிருதங்கம். தொப்பியில், அதாவது அதன் இடப்பக்கத்துப் பெரிய முகத்தில், எழும் 'தொம்' 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அந்த அலையின் நீளம் சுமார் 11 அடி. உங்கள் அறையே 10 அடிதான். ஓர் அங்குல ஃபோம் அதை என்ன செய்துவிடும்?

சத்தத்தை நிறுத்துவது எடையும், காற்றுப் புகாத அடைப்பும்தான். பூசிய செங்கல் சுவர் நாலரை அங்குலமே ஆனாலும் உங்கள் கதவைவிட எவ்வளவோ தேவலை. அதனால் சுவரில் கை வைக்க வேண்டாம். இன்று ராத்திரி அந்த அறையில் டார்ச்சை எரியவிட்டு, கதவைச் சாத்தி, வெளியே விளக்கெல்லாம் அணைத்துவிட்டுப் பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அந்த வழியாகத்தான் மிருதங்கம் வெளியே போகிறது. மூன்றடிக் கதவின் அடியில் அரை அங்குல இடைவெளி இருந்தால் அது 18 சதுர அங்குலம். கதவின் நடுவே நாலரைக்கு நாலு அங்குலத்தில் ஓட்டை போட்டு வைத்ததற்குச் சமம்.

நல்ல தச்சர் ஒருவரைப் பிடியுங்கள். ஃப்ளஷ் கதவின் மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றை முழுசாகப் பசை தடவி ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். கதவு 20 கிலோவாவது கூடும் என்பதால் கூடுதலாக ஒரு கீல் போட்டே ஆகவேண்டும். எங்கள் கூடத்தில் ஒரு முறை இதை மறந்துவிட்டோம். மூன்றே மாதத்தில் கதவு தொங்கி, தரையில் அரைவட்டமாகக் கோடு கிழித்தது. நிலையின் மூன்று பக்கமும் ரப்பர் பட்டை ஒட்டி, கீழே ஒரு மரச்சட்டம் வைத்து, கதவு அதில் அழுந்தும்படி செய்யுங்கள். தாழ்ப்பாள் போடும்போது கொஞ்சம் தள்ளிப் போடவேண்டி வந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

சன்னல் ஸ்லைடிங் வகை என்றால் அது அடைபடவே அடைபடாது. சன்னல் அளவுக்கு பிளைவுட் பலகை வெட்டி, ஓரத்தில் ரப்பர் ஒட்டி, சாதக நேரத்தில் மட்டும் உள்ளிருந்து பொருத்திக்கொள்ளுங்கள்.

இனி பெரியவரின் கூரை, அதாவது உங்கள் தரை. நாலடிக்கு நாலடி பிளைவுட் பலகை இரண்டு வாங்குங்கள். கீழ்ப்பலகையில் அடிக்கு ஒன்றாகப் பந்தைவிடச் சின்ன வட்டங்கள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு டென்னிஸ் பந்தை உட்காரவைத்து, மேல்பலகையை அவற்றின் மேல் வையுங்கள். பலகைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. அதன்மேல் கனமான சமுக்காளத்தை விரித்துப் பையன் உட்காரட்டும். மேல்நாட்டு டிரம்ஸ்காரர்கள் வெகுநாளாகச் செய்கிற வேலைதான் இது. தெருவில் கிரிக்கெட் ஆடித் தேய்ந்த பந்தும் போதும். அதிர்வு நன்றாகக் குறையும், ஆனால் அடியோடு நிற்காது. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும். அந்த அளவுக்கு ஆசைப்படுங்கள், போதும்.

எல்லாம் அடைத்துவிட்டால் உள்ளே புழுங்கும். ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கிற காற்றையே சுற்றிவிடுகிறது, புதுக்காற்று கொண்டுவருவதில்லை. முக்கால் மணிக்கு ஒரு தடவை கதவைத் திறந்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. இரவு 10 முதல் காலை 6 வரை சட்டப்படி இரவு நேரம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. 5 மணிச் சாதகம் பெருமைதான், ஆனால் நியாயம் பெரியவர் பக்கம். ஆறேகாலுக்கு மாற்றிவிட்டு, நீங்களே ஒரு நடை கீழே போய் அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். பலகை செய்யும் முன்பே போங்கள்.

கேள்வி: விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிறேன். பதிவு வீட்டிலேதான். ரெடிமேட் ஒலிக்கூண்டு வாங்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் கதை நேர்தலைகீழ். உங்களுக்குச் சத்தம் உள்ளே வரக்கூடாது, குரலும் சுவரில் பட்டுத் திரும்பக்கூடாது. ஃபோம் உதவுகிற இடம் இதுதான். ஆனாலும் முதலில் பணம் செலவழிக்காமல் ஒன்று செய்து பாருங்கள். துணி நிறைந்த மர அலமாரியைத் திறந்து வைத்து, மைக்கின் முதுகு துணிப்பக்கமும் முகம் உங்கள் பக்கமும் இருக்கும்படி நில்லுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை நிமிர்த்தி வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜ் ஓடாத நேரமாகப் பாருங்கள். அதே வரியை நடுக்கூடத்திலும் ஒரு தடவை பதிவு செய்து, இரண்டையும் ஹெட்போனில் கேளுங்கள். அதற்கும் மேல் ஆட்டோ ஹாரன் கேட்டால் கூண்டைப் பற்றி யோசிக்கலாம். வாங்குவதற்கு முன் உள்ளே நின்று பத்து நிமிடம் பேசிப் பாருங்கள், விசிறியைப் போட்டுக்கொண்டு. சத்தமில்லாத விசிறி இல்லாத கூண்டு மதுரை மே மாதத்துக்கு ஆகாது.