பெயர் இருக்கிறது, படம் திறக்கவில்லை

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் 17 வருடம் கணினி திருத்தும் கடை வைத்திருந்தேன். அந்த மேசைக்கு வந்த சாமான்களில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது பென் டிரைவ்தான். இந்த முறை வந்த கேள்விகளும் பெரும்பாலும் அதைப் பற்றியவையே.

கேள்வி: புறக்கோட்டை நடைபாதையில் 2 டிபி பென் டிரைவ் ஒன்றை 2,500 ரூபாவுக்கு வாங்கினேன். மகளின் சாமத்திய வீட்டு வீடியோ, போட்டோ எல்லாம் அதில் போட்டேன். இப்போது பெயர்கள் தெரிகின்றன, பாதிக்கு மேல் திறக்கவில்லை. என்ன செய்யலாம்?
வாசகர் ஒருவர், கிராண்ட்பாஸ்

முதலில், அந்த டிரைவில் இனி எதையும் போடவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். போமட் பண்ணவா, அதாவது எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக்கவா, என்று கணினி கேட்டால் சம்மதிக்க வேண்டாம். அடுத்தது, படம் பிடித்தவரோடு இன்றே பேசுங்கள். அவர் தன் மெமரி கார்டை அடுத்த விசேஷத்துக்கு எடுக்க முதல், ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை என்று பழையவற்றை அழிக்க முதல் கேட்க வேண்டும். உங்கள் மகளின் படங்கள் திரும்பக் கிடைக்க அதுதான் நல்ல வழி.

நடந்தது இதுதான். பென் டிரைவுக்குள் முக்கியமாக இரண்டு சிப் இருக்கும். ஒன்று தகவலைச் சேமிப்பது, மற்றது கணினியோடு பேசுவது. "உன்னிடம் எவ்வளவு இடம்?" என்று கணினி கேட்டால் பதில் சொல்வது இரண்டாவது சிப். போலிச் சாமானில் அது பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். உள்ளே 16 அல்லது 32 ஜிபி மட்டும் இருக்கும், அது 2 டிபி, அதாவது 2,000 ஜிபி, என்று சொல்லும். உண்மையான இடம் நிரம்பியதும், அதன் பிறகு வருவது பழையதன் மேல் எழுதப்படும், அல்லது எங்குமே எழுதப்படாமல் போகும். கணினியோ "கொப்பி முடிந்தது" என்று சொல்லிவிடும். பெயர்ப் பட்டியல் டிரைவின் தொடக்கத்தில் தனியாக இருப்பதால் பெரும்பாலும் அதற்குச் சேதம் வராது. அதனால்தான் பெயரைப் பார்த்து நாம் நம்பிவிடுகிறோம்.

2017இல் கிங்ஸ்டன் நிறுவனம் 2 டிபி பென் டிரைவை அறிமுகப்படுத்தியபோது அது 7 சென்டிமீற்றர் நீளமும் 2 சென்டிமீற்றர் தடிப்பும் உள்ள ஒரு கட்டி. இன்று அதைவிடச் சிறிதாகவும் வருகிறது, ஆனால் பல்லாயிரம் ரூபா கொடுக்க வேண்டும். நாளாந்தப் பாவனைக்கு 64 அல்லது 128 ஜிபி தாராளம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா போன்ற இடத்தில் பற்றுச்சீட்டோடு, வொரண்டியோடு வாங்குங்கள். வாங்கிய அன்றே, ஒரு படமும் போடாமல், எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச விண்டோஸ் மென்பொருளை ஓடவிடுங்கள். மெக், லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு எப்3 (F3) இருக்கிறது. இரண்டுமே டிரைவை முழுக்க நிரப்பி, திரும்ப வாசித்துச் சரிபார்க்கும். மெதுவான 64 ஜிபி டிரைவென்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் போகலாம். போகட்டும், விட்டுவிட்டுச் சமையலைப் பாருங்கள். ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 64 ஜிபி என்று வாங்கியது 59 என்றுதான் காட்டுகிறது. இதுவும் ஏமாற்றா?
ஆசிரியை ஒருவர், கொட்டாஞ்சேனை

இல்லை டீச்சர். தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024ஆல் மூன்று தடவை வகுக்கிறது. 64 அப்படியே 59.6 ஆகிவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது வேகத்தை. பைக்கற்றில் பெரிதாக அச்சிட்டிருப்பது வாசிக்கும் வேகம். எழுதும் வேகம் பல டிரைவ்களில் அதைவிட மிகக் குறைவு.

கேள்வி: 32 ஜிபி டிரைவ் வெறுமையாக இருக்கிறது. 6 ஜிபி படம் ஒன்றைப் போட்டால் "கோப்பு பெரிது" என்கிறது.
வாசகர் ஒருவர், தெமட்டகொடை

உங்கள் டிரைவ், கோப்புகளை அடுக்கி வைக்கும் பழைய முறையான ஃபேட்32இல் இருக்கிறது. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே ஏதாவது இருந்தால் வேறிடத்தில் கொப்பி எடுத்துவிட்டு, அந்த எல்லை இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில் போமட் பண்ணுங்கள். பழைய டீவி சிலது எக்ஸ்ஃபேட்டை வாசிக்காது, ஆகவே முதலில் ஒரு சின்னப் பாட்டைப் போட்டு டீவியில் பாருங்கள்.

கேள்வி: அசைன்மென்ட் அச்சிட போட்டோ கொப்பிக் கடைக்கு டிரைவைக் கொண்டுபோனேன். வீட்டில் திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறியிருக்கின்றன.
மாணவர் ஒருவர், தெகிவளை

தம்பி, அந்த ஷோர்ட்கட்டை அழுத்தாதீர்கள். அழுத்தினால் வைரஸ் உங்கள் லேப்டொப்புக்கும் போய்விடும். உங்கள் ஃபோல்டர்கள் பெரும்பாலும் அழியவில்லை, ஒளித்துத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. அன்டிவைரஸால் டிரைவை ஸ்கேன் பண்ணிவிட்டு, மறைந்த கோப்புகளைக் காட்டும்படி விண்டோஸில் மாற்றினால் அவை மங்கலாகத் தெரியும். எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு டிரைவைப் போமட் பண்ணுங்கள்.

இனிமேல் கடைக்கென்று ஒரு சின்ன டிரைவ் வைத்திருங்கள். அச்சிட வேண்டிய ஒரு பிடிஎஃப் மட்டும் அதில் இருக்கட்டும். அடையாள அட்டைப் படம், பாங்குப் புத்தகத்தின் படம், வீட்டுப் படங்கள் எல்லாம் நிறைந்த டிரைவை முன்பின் தெரியாத கணினியில் குத்துவதை என் மேசையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனம் பதறியிருக்கிறது.

கேள்வி: என் கணவர் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளை 2015இல் மகன் பதிந்து பென் டிரைவில் போட்டுத் தந்தான். அவர் இப்போது இல்லை. அதை நகைப்பெட்டியோடு அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். மகன் கனடாவில். அப்படியே இருக்கும்தானே?
ஒரு தாய், வத்தளை

அம்மா, இதை வாசித்து முடித்ததும் அதை வெளியே எடுங்கள். பென் டிரைவ் தகவலை மின்னேற்றமாக, மிக நுண்ணிய அறைகளுக்குள் அடைத்து வைத்திருக்கிறது. வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் அந்த ஏற்றம் மெல்ல மெல்லக் கசியும். சூடு கூடினால் கசிவும் கூடும். எத்தனை வருடம் தாங்கும் என்பது டிரைவுக்கு டிரைவு மாறும். பூட்டு கள்வனுக்குத்தான் தடை, இந்தக் கசிவுக்கு இல்லை.

ஒரு பெண் தன் தாயின் குரல் இருந்த டிரைவை என்னிடம் கொண்டுவந்தார். லேப்டொப்பில் குத்தியபடியே பையில் போட்டதில் முனை வளைந்துவிட்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். முனையிலிருந்து பலகைக்குப் போகும் நான்கு கால்களில் இரண்டு விட்டுப்போயிருந்தன. மெல்லிய வயர் நான்கை ஈயத்தால் ஒட்டி, கை அசையாமல் பிடித்தபடி கொப்பி எடுத்தோம். முதல் கோப்பைத் திறந்ததும் "சாப்பிட்டியா பிள்ளை" என்று ஒரு குரல். அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். வேறு பிரதி ஒன்றும் அவரிடம் இருக்கவில்லை. கால் மட்டும் விட்டிருந்ததால் அது பிழைத்தது. சிப் பழுதாகியிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஆகவே பக்கத்தில் நம்பிக்கையான ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள். லேப்டொப்பில் ஒரு பிரதி, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ஒரு பிரதி. மூன்றாவதை கூகிள் டிரைவில் ஏற்றி மகனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதில் 15 ஜிபி இலவசம். ஒரு மணி நேரப் பேச்சு எம்பி3 ஆக இருந்தால் பொதுவாக 60 எம்பி அளவுதான், ஆகவே இடம் தாராளமாகப் போதும். பெயரைப் பார்த்துத் திருப்திப்படாமல் ஒவ்வொன்றையும் திறந்து கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பழைய டிரைவை அழிக்காமல் நகைப்பெட்டியிலேயே திரும்ப வையுங்கள். ஒவ்வொரு வருடமும் திவசத்தன்று எல்லோரும் கூடியிருக்கும்போது கதைகளைப் போட்டுக் கேளுங்கள். ஏதாவது ஒன்று ஓடாவிட்டால் அன்றே தெரிந்துவிடும், மகனிடமிருந்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.