பீடத்தில் நாலாவது ஆளுக்கு இடம்

கேள்வி: எங்கள் தாத்தா 1926இலும், அப்பா 1957இலும், அண்ணன் 1989இலும் சட்டசபைக்குத் தேர்வானவர்கள். மூவரும் சேர்ந்து நிற்பதுபோல் 9 அடி உயர வெண்கலச் சிலை செய்து மெரினா பக்கம் ஒரு சாலை முனையில் வைக்க ஆசை. யாரைப் பார்க்க வேண்டும்? பஞ்சலோகத்தில் கெட்டியாக வார்த்தால் காலத்துக்கும் நிற்குமா? பீடத்தில் ‘தமிழ்நாடு சட்டமன்றத்தில் மூன்று தலைமுறைத் தொண்டு’ என்று பொறிக்கலாமா? அண்ணன் மகனும் அரசியலுக்கு வரப்போகிறார். அவருக்கும் இடம் விட்டு வைப்பதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மயிலாப்பூர்

பதில்: யாரையும் பார்க்க வேண்டாம், சாலை முனை கிடைக்காது. பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று உத்தரவிட்டிருக்கிறது. 2006இல் கடற்கரைச் சாலையில் வைத்த சிவாஜி கணேசன் சிலையே போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்காகி, 2017இல் பெயர்த்தெடுக்கப்பட்டு அடையாறு மணிமண்டபத்துக்குப் போய்விட்டது. சொந்தப் பட்டா நிலத்தில், காம்பவுண்டுக்கு உள்ளே வையுங்கள். அங்கேயும் காவல் நிலையத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது வாசகம். நீங்கள் எழுதியிருக்கும் ஒற்றை வரியில் இரண்டு பிழை. தாத்தா காலத்தில் மாகாணத்துக்கு இருந்தது ஒரே அவை, அதன் பெயர் லெஜிஸ்லேடிவ் கவுன்சில். 1937இல் அவை இரண்டானதும் அந்தப் பெயர் மேலவைக்குப் போனது. அந்த மேலவையும் 1986 நவம்பர் 1 முதல் இல்லை. ஆகவே தாத்தாவை வெறுமனே ‘எம்.எல்.சி.’ என்று பொறித்தால் படிப்பவர் மேலவை உறுப்பினர் என்று நினைப்பார், ‘எம்.எல்.ஏ.’ என்றால் அது பொய். அப்பா இருந்தது சென்னை மாநிலச் சட்டமன்றம். ‘தமிழ்நாடு’ என்ற பெயர் 1969 ஜனவரி 14 முதல்தான். அண்ணன் ஒருவருக்குத்தான் உங்கள் வரி பொருந்தும். ஆளுக்கொரு தகடு வைத்து, அவை, தொகுதி, ஆண்டு மூன்றையும் அதில் போடுங்கள். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 1926இல் ஓட்டு என்பது சொத்தும் வரியும் உள்ள சிலருக்கு மட்டும். ‘மக்கள் தந்த மகுடம்’ போன்ற அலங்காரத்தைத் தாத்தா தகட்டில் தவிர்க்கலாம்.

குடும்பத்துக்கு மொத்தமாக ஒரு சிலை என்ற யோசனையே சரியா என்றும் கேட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, குமாரமங்கலம் ஜமீன் பி. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணப் பிரதமர், அதாவது இன்றைய முதல்வர் போல. மனைவி ராதாபாய் 1938இல் டெல்லியில் மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண். மகள் பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் எம்.பி. மகன் மோகன் கம்யூனிஸ்டாக இருந்து காங்கிரஸ் மத்திய அமைச்சர் ஆனவர். பேரன் ரங்கராஜன் காங்கிரசில் இருந்து பா.ஜ.க.வுக்குப் போய் அமைச்சர் ஆனவர். இவர்களை ஒரே பீடத்தில் தோளோடு தோள் நிற்கவைத்தால் அது குடும்ப போட்டோ ஆகுமே தவிர, யார் எந்த அவையில் எதற்காக வாதாடினார்கள் என்று சொல்லாது. முழு உருவங்களை விட்டு, மூன்று புடைப்புச் சிற்பப் பலகைகளாகச் செய்யுங்கள் என்பதே என் யோசனை. உலோகமும் மிச்சம்.

முழு உருவம்தான் வேண்டும் என்றால் கெட்டி வார்ப்பை மறந்துவிடுங்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் உற்சவ மூர்த்திகளைக் கனமாக வார்ப்பது அளவு சிறியது என்பதால். 9 அடி ஆளைக் கெட்டியாக வார்த்தால் இரண்டு டன்னைத் தாண்டும். தடித்த இடம் மெதுவாக ஆறும்போது சுருங்கிக் குழி விழும், வெடிக்கும். பொள்ளலாக (உள்ளே வெற்றிடமாக), 6 மி.மீ. கனத்தில் வார்த்தால் ஒருவருக்கு உள்சட்டத்தோடு 400 கிலோ அளவில் முடியும்.

முதலில் இரண்டடியில் சிறு மாதிரி, பிறகு முழு அளவில் களிமண். குடும்பத்தார் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டியது களிமண் நிலையில்தான். அதுவும் பீட உயரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு. கீழிருந்து பார்த்தால் தலை சிறுத்துத் தெரியும். அச்சு எடுத்தபின் ‘மீசை இன்னும் கொஞ்சம்’ என்றால் கூலி இரட்டிப்பு. தீவுத்திடல் பக்கம் இருக்கும் மன்றோ சிலைக் குதிரைக்கு அங்கவடி (சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையம்) இல்லை என்று 1839 முதல் இந்த ஊர் பேசிக்கொண்டிருக்கிறது. உங்கள் அப்பாவின் மூக்குக்கண்ணாடியையும் அப்படிப் பேசும். அச்சிலிருந்து மெழுகு, மெழுகின் மேல் மண் கட்டிக் கரு, கருவைச் சுட்டு மெழுகை வடித்து, அந்த இடத்தில் உலோகம். ஆறும்போது ஒன்றரை விழுக்காடு சுருங்கும். 9 அடிக்கு அது ஒன்றரை அங்குலத்துக்கு மேல், மாதிரியிலேயே கூட்டிவைக்க வேண்டும்.

உலோகக் கலவையில்தான் ஏமாற்று நடக்கும். செம்பு 85, வெள்ளீயம் 5, காரீயம் 5, துத்தநாகம் 5 என்பது கன்மெட்டல் என்ற வழக்கமான வெண்கலக் கலவை. அச்சில் நன்றாக ஓடும். ஆனால் துண்டுகளை ஆர்கான் வெல்டிங்கில் இணைக்கும்போது காரீயம் கொப்பளித்து ஊசித்துளை விடும். பல துண்டாக வார்ப்பதென்றால் சிலிகான் வெண்கலம் மேல். பழைய பித்தளையை உருக்கிச் சேர்த்தால் கடல் காற்றில் துத்தநாகம் அரித்துப்போய்ச் சிவந்த திட்டு தெரியும். ஒவ்வொரு உருக்கிலும் ஒரு துண்டு வார்த்துத் தரச் சொல்லி ஆய்வகத்தில் சோதித்த பிறகே அடுத்த தவணைப் பணம்.

உள்சட்டம் 316 எஸ்.எஸ். என்ற துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதா இரும்பு உப்புக்காற்றில் வெண்கலத்தோடு சேர்ந்தால் சீக்கிரம் துருப்பிடித்து, வீங்கி, வெளிச்சுவரையே பிளந்துவிடும். பொள்ளலாக வார்க்க உள்ளே வைத்த மண்ணை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும், பாதத்தில் மழைநீர் வடியத் துளை வேண்டும். சென்னைக்கு இந்தியத் தரம் சொல்லும் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ அழுத்தம். ஒட்டி நிற்கும் மூவர் 6 சதுர மீட்டர் காற்றை மறித்தால் கிட்டத்தட்ட ஒரு டன் தள்ளும். போல்ட்டும் அஸ்திவாரமும் கட்டடப் பொறியாளர் கணக்கு, ஸ்தபதி கணக்கு அல்ல.

நினைவு நாள் பாலாபிஷேகமும் வேண்டாம், தங்க பெயிண்டும் வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் மெழுகு பூசுங்கள். மாலை வாடினால் அன்றே எடுங்கள். பச்சைப் பொடி உதிரும் புள்ளி தெரிந்தால் துடைத்து மறைக்காமல் உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

நாலாவது ஆளுக்கு இடம் விட வேண்டாம். பத்து வருடம் கழித்துப் புது உருவத்தைப் பக்கத்தில் நிறுத்தினால், மழையிலும் உப்பிலும் பழுத்த மற்ற மூவரின் நிறத்தோடு ஒட்டாது, ஒட்டுப்போட்டது தூரத்திலிருந்தே தெரியும். அதோடு, அண்ணன் மகனுக்கு வார்க்கப்போகும் தகட்டில் தொகுதி, ஆண்டு என்று இரண்டு இடம் இருக்கிறது. அவற்றை நிரப்புவது ஸ்தபதி வேலையும் அல்ல, உங்கள் வேலையும் அல்ல.